மாப்பிள்ளை அரிந்த பூண்டு

இத்தா முடிந்து ருகையா ராத்தா முதன்முதலாக வாசற்படி இறங்கிப் போனது தூத்துக்குடியில் புதிதாகத் திறந்திருந்த ஓர் இத்தாலி உணவகத்துக்கு. காயல்பட்டினத்தில் எங்கள் தெருப் பெண்கள் இதை இன்னும் பேசுகிறார்கள். கணவன் மௌத்தாகி விதவையான பெண் இத்தாக் காலமான நாலு மாதம் பத்து நாள் முழுக்க வீட்டுக்குள் இருந்துவிட்டு, முடிந்ததும் மாமியார் வீட்டுக்குப் போவாள். இல்லையென்றால் உடன்பிறந்தவர்கள் வீட்டுக்குப் போவாள். முள்கரண்டி வைத்துச் சாப்பிடுகிற இடத்துக்கு யாரும் போனதில்லை.

கூடப் போனவள் நான். ராத்தா எனக்குப் பெரியம்மா மகள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே பெண்கள் மட்டும் போய்வருகிற குறுகலான முடுக்கு ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நான் அந்த முடுக்கைத் தாண்டி அதிகம் போனதில்லை. தையல் மிஷினை அதன் பக்கத்து ஜன்னலில்தான் போட்டிருக்கிறேன். அதனால் ராத்தா வாழ்க்கையில் நடந்தது ஏறக்குறைய எல்லாம் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் மணமுடித்த ஆண், பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். எத்தனை வருடம் ஆனாலும் அந்த வீட்டில் அவர் மாப்பிள்ளைதான். மீனில் நடுத்துண்டு அவருக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்கு இடம். அடுப்பங்கரைக்குள் மட்டும் அவர் வரக்கூடாது. வந்தால் அந்த வீட்டுப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

தமீம் மச்சான் அப்படித்தான் ராத்தா வீட்டுக்கு வந்தார். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர் என்று சொல்லிப் பெண் கேட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் வீடு கலகலவென்றிருக்கும். அதிர்ந்து பேசமாட்டார். விடுமுறையில் வந்திருக்கும்போது அவரும் ராத்தாவும் ஒரே சஹனில் சாப்பிடுவார்கள். கல்யாண விருந்தில் இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து கை வைக்கிற பெரிய தட்டு அது. அவரவர் பக்கத்திலிருந்துதான் எடுத்துச் சாப்பிட வேண்டும். மீன் சினையை மச்சான் ராத்தா பக்கம் தள்ளுவார். ராத்தா திருப்பித் தள்ளுவாள். சினை இப்படியே போய்ப்போய் வரும். அவர்கள் மகள் லுப்னா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடுவில் கையை விட்டு அதை எடுத்துத் தின்றுவிடுவாள்.

ஒரு விடுமுறையில், பெரியம்மா லுஹர் தொழுதுகொண்டிருந்த நேரம், நான் அளவு ரவிக்கை வாங்க முடுக்கு வழியாகப் போனேன். அடுப்பங்கரையில் மச்சான் நின்றார். கையில் மீன் நறுக்குகிற கத்தி. பலகையில் ஒரு கை பூண்டு. அதைச் சீவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சீவலும் கண்ணாடித்தாள் போல இருந்தது, கீழே பலகையின் கோடு தெரிந்தது. ராத்தா பக்கத்தில் நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான் இது, வைத்தியமா?" என்று கேட்டேன்.

"பொறு," என்றவர் ராத்தா பக்கம் திரும்பினார். "இன்னைக்கு ஒனக்கு ஒண்ணு செஞ்சு தாரேன். தின்னு பாத்துட்டுச் சொல்லு."

அதற்குள் பெரியம்மா தொழுகையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசலிலேயே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

"யா அல்லாஹ்! மாப்ள, ஒங்களுக்குப் பசிச்சா என்கிட்டச் சொல்லக் கூடாதா? ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாஹ? ஏளா ருகையா, ஒனக்கு வெக்கமா இல்ல? நின்னு சிரிக்கா பாரு."

மச்சான் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். பெரியம்மா அந்தப் பூண்டை அள்ளி மீன்குழம்பில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

அவருடைய வலதுகையில், மணிக்கட்டுக்கு மேலே, பக்கம் பக்கமாகக் கறுத்த கோடுகள் இருந்தன. ஒவ்வொரு முறை வரும்போதும் ஒன்றிரண்டு கூடியிருக்கும். லாரிக் கதவு இடித்தது என்பார். "அந்த ஊர்க் கதவு ஒங்களயே தேடி வந்து இடிக்குமோ? பாத்துச் சாத்தத் தெரியாதா?" என்று ராத்தா திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

போன வருடம் அங்கேயே நெஞ்சுவலி வந்து மௌத்தானார். அங்கேயே அடக்கிவிட்டார்கள். ராத்தா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போனில் சொன்னார்கள், அவ்வளவுதான். ராத்தா வெள்ளை உடுத்தி உள்ளறையில் உட்கார்ந்தாள். அழவும் இல்லை. யார் வந்தாலும் அவர்கள் அழுது முடிக்கும்வரை அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இத்தாக் காலத்தில், ஷார்ஜாவில் மச்சானோடு ஒரே அறையில் தங்கியிருந்த மக்தூம் என்பவர் மச்சானுடைய பையைக் கொண்டுவந்தார். முன்வீட்டில் உட்கார்ந்தார். பெரியம்மா திரைக்குப் பின்னால் நின்று பேசினார்கள். நானும் ராத்தாவும் உள்ளே இருந்து கேட்டோம்.

"தமீம் காக்கா கைப்பக்குவத்துக்கு ஆளில்ல மாமி," என்றார் மக்தூம். "பூண்டும் எண்ணெயும் வத்தமொளகாயும் போட்டு ஒரு ஸ்பகெட்டி செய்வாஹ. இத்தாலிக்காரனே உள்ள வந்து கை குடுத்துட்டுப் போவான். மொதலாளி பாவம் அழுதுட்டான். இனி எவன வச்சு ஓட்டல நடத்தன்னு கேக்கான்."

பெரியம்மா, "எந்த ஓட்டலு?" என்று கேட்டார்கள்.

மக்தூமுக்கு அப்போதுதான் புரிந்தது, இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது என்று. தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

பைக்குள் ஒரு வெள்ளைக் கோட்டு இருந்தது. சமையல்காரர்கள் போடுவது. நெஞ்சுப் பக்கம் சிவப்பு நூலில் அவர் பெயர் தைத்திருந்தது. நல்ல தையல். ராத்தா அதைக் கையில் வாங்கி, அந்தப் பெயர் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

"வெளிய மூச்சு விட்றாதீங்க," என்றார்கள் பெரியம்மா. "சமையக்காரப் பண்டாரிக்குப் பொண்ணக் குடுத்துருக்கோம்னு ஊரு சிரிக்கும்." கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

இத்தா முடிந்த அன்று ராத்தா கேட்டது ஒன்றுதான். லுப்னாவைக் கூப்பிட்டு, "வாப்பா செஞ்ச அந்த ஸ்பகெட்டி இந்தப் பக்கம் எங்கனயாச்சும் கெடைக்குமா, பாரு," என்றாள். லுப்னா தூத்துக்குடியில் காலேஜ் படிக்கிறவள். போனைப் பார்த்து உடனே சொல்லிவிட்டாள். ஒருமுறை அதைத் தின்றுபார்த்துவிட வேண்டும், அவர் தன் கையில் கொடுக்க நினைத்தது என்னவென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் ராத்தாவின் ஆசை.

பெரியம்மா குதித்தார்கள். "புத்தி பெசகிருச்சாளா ஒனக்கு? புருசன மண்ணுல வச்ச கையோட ஓட்டல்ல போயித் திங்கான்னு சொல்லமாட்டாஹளா?"

"மண்ணுல வச்சத நான் எங்கும்மா பாத்தேன்?"

ராத்தா இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பெரியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பிறகு என்னைக் காட்டி, "இவளக் கூட்டிட்டுப் போ. இவதான் வாயத் தொறக்கமாட்டா," என்றார்கள்.

ராத்தாவும் லுப்னாவும் நானும் மதியம் சாப்பாட்டு நேரத்துக்குச் சேரும்படி காரில் போனோம். ஆறுமுகநேரி தாண்டும்போது உப்பளத்து வெள்ளையில் கண் கூசியது. ராத்தா முகத்திரையை விலக்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உணவகத்துக்குள் ஒரே குளிர். கூரையிலிருந்து செடிகள் தொங்கின. சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். "காசு பத்தாம நிப்பாட்டிட்டாஹளோ?" என்று ராத்தா என் காதில் கேட்டாள்.

"உம்மா, அதான் ஸ்டைலு," என்றாள் லுப்னா.

சமையலறை ஒரு பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. உள்ளே சமைக்கிறவர்களை யாரும் பார்க்கலாம். ராத்தா அதைக் கண்டதும் நின்றுவிட்டாள். அதைப் பார்த்தபடி உட்காரும் இடத்தைத்தான் பிடித்தாள். நானும் லுப்னாவும் அவளுக்கு எதிரே உட்கார்ந்தோம். அவள் பக்கத்து நாற்காலியில் நான் கைப்பையை வைக்கப் போனேன்.

"அதுல வைக்காதே," என்றாள்.

பரிமாற வந்தவர் சட்டையில் வன்னியபெருமாள் என்று பெயர் குத்தியிருந்தது. முதலில் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். நாங்கள் விழித்ததும் தமிழுக்கு வந்துவிட்டார். விளாத்திகுளத்துக்காரராம். லுப்னா கறி எதுவும் வேண்டாம் என்று சொல்லி, பூண்டு போட்ட ஸ்பகெட்டியைக் கேட்டாள்.

"நல்ல ஐட்டம்தான்," என்றார் அவர். "எங்கம்மா ஒருநாள் இங்க வந்தா. இதப் பாத்துட்டு, ஏலே, சேமியாவ ஒடிச்சுப் போடக்கூட ஆளில்லையாலேன்னு கேட்டுட்டா. மேனேஜர் முன்னாடியே!"

ராத்தா சிரித்தாள். அத்தனை மாதத்தில் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். அப்படியே சிரிப்பு நின்றது.

உள்ளே ஒருவர் அடுப்பின் கதவைத் திறந்து நீளக் கரண்டியை விட்டு ரொட்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கை எங்கள் பக்கம் திரும்பியது. மணிக்கட்டுக்கு மேலே பக்கம் பக்கமாகக் கறுத்த கோடுகள்.

"தம்பி," என்றாள் ராத்தா. "அவஹளுக்குக் கையில என்ன?"

"அதுவா? அடுப்பு வாய் சுட்டதும்மா. அவசரத்துல உரசிரும். இந்த வேலை பாக்குற எல்லார் கையிலயும் இருக்கும். நாங்க இதப் பாத்துத்தான் எத்தன வருச சர்வீஸ்னு கண்டுபிடிப்போம்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

ராத்தா தன் வலதுகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடதுகை விரல்களால் மணிக்கட்டுக்கு மேலே மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள். எண்ணெய் தடவுவதுபோல. லுப்னா பார்த்துவிட்டு முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சாப்பாடு வந்தது. அகலமான வெள்ளைத் தட்டு, நடுவில் ஒரு பிடி. எண்ணெயில் மினுங்கியது. நானும் லுப்னாவும் ஒரே தட்டில் கை வைத்தோம். ராத்தா தன் தட்டைத் தனக்கும் பக்கத்துக் காலி நாற்காலிக்கும் நடுவே இழுத்து வைத்தாள். முள்கரண்டியை ஒதுக்கிவிட்டு, பிஸ்மி சொல்லி, தன் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். எண்ணெயில் பூண்டு கிடந்தது. கண்ணாடித்தாள் போலச் சீவிய பூண்டு. ராத்தாவும் அதைக் கண்டாள். ஒரு சீவலை எடுத்தாள், தின்னவில்லை. மறுபக்கம் தள்ளினாள். இன்னொன்றையும் தள்ளினாள்.

"நல்லா இரிக்காம்மா?" என்று லுப்னா கேட்டாள்.

"நல்லாத்தான் இரிக்கு. ஆனா இது வாப்பா கை இல்ல." விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்தாள். "அவஹ கைப்பக்குவம் எப்படின்னே எனக்குத் தெரியாது. பெறகு நான் எத வச்சு இதச் சொல்லுதேன்?"

லுப்னா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

வன்னியபெருமாள் தட்டை எடுக்க வந்தார். "காரமாயிருச்சாம்மா? ஒரு பக்கம் அப்படியே இருக்கே."

ராத்தா அந்தப் பாதியைப் பார்த்தாள். சஹனில் மிச்சம் வைக்கக்கூடாது. "கட்டித் தாங்க தம்பி," என்றாள்.

அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தபோது வீடு சேர்ந்தோம். ராத்தா நேராக அடுப்பங்கரைக்குப் போய்ச் சஹனை எடுத்துக் கழுவி, பொட்டலத்தை அதில் கொட்டி, பெரியம்மா முன்னால் வைத்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வேண்டாம்."

"ஒரு வாய் தின்னுங்க உம்மா. ஒங்க மருமவன் சமச்ச சாப்பாடு இப்படித்தான் இரிக்குமாம்."

பெரியம்மா கையைக் கழுவிவிட்டு வந்தார்கள். ஒரு இழையை எடுத்து வாயில் போட்டு, "உப்புப் பத்தல," என்றார்கள். பிறகு விரலில் ஒரு பூண்டுச் சீவல் ஒட்டியது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

"ஏளா," என்றார்கள். குரல் அவர்கள் குரல் மாதிரியே இல்லை. "அன்னைக்கு மாப்ள அரிஞ்சது இதுக்கா?"

"ஆமா உம்மா."

"நான் அள்ளிக் கொழம்புல போட்டுட்டேனேளா."

போன் வந்த அன்று அழாத ராத்தா அப்போது அழுதாள். முடுக்கு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். பெரியம்மா சத்தம் போடாதே என்று சொல்லவில்லை. சஹனில் கிடந்த பூண்டுச் சீவல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மகள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.