ஷொட் நாற்பத்திரண்டில் இருந்த கை

1. ஐந்து படங்கள்

நாங்கள் வேலை செய்த பத்து நிமிசப் படம், உலகத்துப் பெரிய விருதுக்கான கடைசி ஐந்துக்குள் வந்துவிட்டது. கிளிநொச்சியில் ஒருவரும் வெடி கொளுத்தவில்லை. ஏ9 றோட்டில், நெல் யாவாரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற எங்கள் அனிமேஷன் ஓஃபிஸில் ஏழு பேரும் ரோல்ஸ் வாங்கித் தின்றோம், அவ்வளவுதான். முதலாளி தவம் அண்ணைக்குச் சும்மா சந்தோசப்படத் தெரியாது.

“அஞ்சு படத்தையும் ஒண்டாப் பாப்பம். கதை, அசைவு, நிறம், சத்தம் எல்லாம் பாத்துப் பத்துக்குப் புள்ளி போடுங்கோ. எங்கட படம் எண்டு இரக்கம் பாக்கப்படாது” என்றார். எல்லோரும் எங்கள் படத்துக்குத்தான் கூடப் போடுவோம் என்று அவருக்கு நிச்சயம்.

முதல் படம் கம்பளிப் பொம்மைகளை நகர்த்தி எடுத்தது. பொம்மைகள் நல்ல வடிவு. கதை மூன்றாம் நிமிசத்தில் முடிந்துவிட்டது, படம்தான் முடியவில்லை. இரண்டாவதில் தண்ணீர் கையை நனைத்துவிடும் போல இருந்தது, ஆனால் ஆட்களின் கண்ணுக்குள் உயிர் இல்லை. மூன்றாவதைப் பார்த்து, நிறம் தீட்டுகிற றிஸ்வானா, “வெறுங் கரியால கீறி அழவைச்சிட்டாங்கள்” என்று மூக்கை உறிஞ்சினாள்.

நான்காவது எங்களுடையது. ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிற பிள்ளையைத் தாய் கைகாட்டிக் கூப்பிடுகிற ஷொட் நாற்பத்திரண்டு வந்ததும், நான் குனிந்து மேசையைப் பார்த்தேன்.

2. ரீடேக்

அந்த ஷொட்டை வரைந்தது நான். முதலில் வரைந்தது என் அக்காவின் கை.

அக்கராயன் குளக்கட்டில் நின்று அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவா. உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, விரல்கள் தன் பக்கமாக மடங்கி மடங்கி வரும். சின்ன விரல் மட்டும் மற்றதுகளோடு சேராமல் விறைத்து நிற்கும். அக்கா கடைசிச் சண்டையில் போய்விட்டா. இடம்பெயர்ந்த வழியில் அல்பமும் போய்விட்டது. அவாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. வரைந்து முடித்து, என் கணினித் திரையில் அந்தக் கை முதன்முதல் அசைந்தபோது, எனக்கு எழும்பி ஓடிப்போக வேண்டும் போல இருந்தது.

எங்களுக்கு இந்தப் படத்தின் வேலையைத் தந்த வெளிநாட்டு டிரெக்டரிடமிருந்து ஒற்றை வரி வந்தது: ‘தாய் ஏன் பிள்ளையைப் போ, போ என்று துரத்துகிறாள்?’

அவர்களின் ஊரில் உள்ளங்கை மேலே பார்க்கத்தான் கூப்பிடுவார்களாம். இப்படித் திருத்தி வரையச் சொல்லி ரீடேக் வந்தால் வாய் திறக்காமல் செய்து கொடுப்பவள் என்பது அப்போது எனக்குப் பெருமை. இரண்டு மணித்தியாலத்தில் கையைத் திருப்பினேன். பழைய ஃபைலின் மேலேயே சேவ் பண்ணினேன்.

3. ஏழு புள்ளி

ஐந்தாவது, கிழக்காசிய நாடொன்றின் படம். ரயில் நிலையத்தில் ஒரு தாய் தூரத்தில் நிற்கிற மகளைக் கூப்பிடுகிறாள், உள்ளங்கை நிலத்தைப் பார்க்க.

“எங்கட ஆக்கள் மாதிரியெல்லோ கூப்பிடுறா!” என்று றிஸ்வானா கத்தினாள்.

அதையும் கடைசி ஐந்துக்குள் எடுத்திருக்கிறார்கள். நான் அதற்குப் பத்துப் போட்டேன். எங்களுடையதுக்கு ஏழு.

“சோறு போட்ட படத்துக்கு ஏழோ?” தவம் அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது.

“ஓம் அண்ணை. அந்தக் கை பொய். நான்தான் பொய்யாக்கினனான்” என்று நடந்ததைச் சொன்னேன்.

என் புள்ளித் தாளை இன்னொருதரம் எடுத்துப் பார்த்தார். பிறகு, “அப்பவே எழுதியிருக்கலாமே, பிள்ளை. நான் மறிச்சனானோ?” என்றார்.

அன்றே டிரெக்டருக்கு எழுதினேன். முதல் அனுப்பிய பிரதி இருக்கிறதா என்றும் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. தனக்கு அந்த வழக்கம் தெரியாது, சொல்லியிருந்தால் அந்தக் கையையே வைத்திருப்பேன் என்று எழுதியிருந்தார். பழைய பிரதிகளைப் படம் முடிந்ததும் அழித்துவிட்டார்களாம்.

விருது கரியால் கீறிய படத்துக்குப் போனது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ரீடேக்கைச் செய்யுங்கோ. செய்யமுதல், ஏன் அப்படி வரைந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கோ. பழைய ஃபைலை வேறு பெயரில் வையுங்கோ.

அக்காவின் கையை அதற்குப் பிறகு எத்தனையோ தரம் வரைந்து பார்த்துவிட்டேன். மற்ற விரல்கள் வருகின்றன. சின்ன விரல் எவ்வளவு நீட்டிக்கொண்டு நின்றது என்பதுதான் இப்போது எனக்கு நிச்சயமில்லை.