வீச்சுக்கு எத்தனை புள்ளி?

கைபேசியில் இசை விளையாட்டு வடிவமைப்பது, ஊராரின் விரல் தாளம் தப்பும்போதெல்லாம் நாங்கள் விளக்கம் சொல்லவேண்டிய தொழில். ஒரு பொருளைச் செய்து பிறர் கையில் கொடுத்துவிட்டு, அவர் முகம் போகும் போக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். தோசை சுட்டுப் போட்டவர்கள், சட்டை தைத்துக் கொடுத்தவர்கள் எல்லோரும் என் கட்சிதான்.

யாழ்ப்பாண நகரில், ஒரு பல்மருத்துவருடைய அறைக்கு மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர். நான் மூத்த வடிவமைப்பாளர். நிரல் எழுதுபவள் புத்தூர்த் தர்சிகா. ஒலிக்குப் பொறுப்பு அளவெட்டிச் செந்தூரன். வேலை தருவது கனடாவில் உள்ள ஒரு நிறுவனம். ஆதிதாளத்தை வைத்து ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருந்தோம். பாட்டு ஓடும், தாளம் விழும் இடத்தில் திரையில் ஒரு விளக்கு எரியும், அப்போது திரையைத் தட்டவேண்டும், சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. முதற்கட்டத்தை ஆட்கள் தாண்டாவிட்டால் இதைக் கைவிட்டு, எங்களைப் பழம் வெட்டும் விளையாட்டொன்றுக்கு மாற்றிவிடுவதாக அங்கிருந்து சொல்லியிருந்தார்கள். பழம் வெட்டுவதில் குற்றமில்லை. ஆனால் எனக்கு இந்த விளையாட்டு வெளியே வரவேண்டும்.

உத்தியோகம்

சாவகச்சேரியில் ஒரு கலியாண வீடு. என் கணவருடைய மாமிக்கு, என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவதில் விருப்பம். "மூத்த வடிவமைப்பாளர் எண்டு சொல்லுங்கோ மாமி" என்று வந்த வான் வண்டிக்குள்ளேயே சொல்லிக் கொடுத்திருந்தேன். பந்தல்வரைக்கும் அவருக்கு அது நினைவிருந்தது. பந்தலுக்குள் நுழைந்ததும் மறந்துவிட்டது.

"இவ எங்கடை கண்ணன்ரை பெஞ்சாதி. நாள் முழுக்கப் போனிலை விளையாடுறா. அதுக்குச் சம்பளமும் குடுக்கினமாம்."

பிழைச் சத்தம்

பிழையாகத் தட்டினால் ஒரு சத்தம் வரவேண்டும். முதலில் வைத்த சத்தம் வாசல் மணியைப் போல இருந்ததால், தர்சிகா ஒவ்வொரு முறையும் எழும்பிக் கதவைப் பார்த்தாள். செந்தூரன் யோசித்துவிட்டு, தன் தகப்பனாரின் தொண்டைச் செருமலை ஒலிப்பதிவு செய்து கொண்டுவந்தான். கச்சேரியில் யாராவது தாளம் விட்டால் அவர் அப்படித்தான் செருமுவாராம்.

பக்கத்து ரியூட்டரி வகுப்பில் படிப்பிக்கும் கணக்கு வாத்தியாரை அழைத்து விளையாடக் கொடுத்தோம். முதற்செருமலுக்குக் காலை மடக்கி நேராக இருந்தார். இரண்டாவதுக்குச் சட்டையின் மேற்பொத்தானைப் போட்டார். மூன்றாவதுக்குப் போனை மேசையில் வைத்துவிட்டார்.

"தம்பி, உந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ. எனக்கு வீட்டிலை இருக்கிற அப்பாவே போதும்."

பஸ்சில் ஒரு பரீட்சை

பெரும்பாலானவர்கள் பஸ்சில் இருந்துதான் விளையாடுவார்கள் என்பதால், நானும் சாவகச்சேரி பஸ்சில் ஏறிப் பரீட்சித்துப் பார்த்தேன். தலைக்கு மேலே ஒலிபெருக்கி முழங்கியது. என் போனில் பாட்டு ஓடுகிறதா என்பதைத் திரையைப் பார்த்துத்தான் அறியவேண்டியிருந்தது. கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கொண்டக்டரிடம் கேட்டேன். அவர் என் திரையை எட்டிப் பார்த்தார். விசயம் என்னவென்று பொறுமையாகக் கேட்டார். மிச்சக் காசையும் தந்தார்.

"அக்கா, எங்கடை பாட்டுக்கு நீங்கள் தட்டுங்கோ. உங்கடை பாட்டுக்கு டிரைவர் அண்ணை பஸ் ஓடமாட்டார்."

தெரிந்தவர்களுக்குச் சிவப்பு

பிறகுதான் உண்மையான கரைச்சல் தொடங்கியது. இசை தெரியாதவர்கள் முதற்கட்டத்தைச் சுலபமாகத் தாண்டினார்கள். விளக்கு எரிந்தவுடன் தட்டினார்கள், பச்சை விழுந்தது. இசை தெரிந்தவர்கள் விளக்கைப் பார்க்காமல் பாட்டைக் கேட்டுத் தட்டினார்கள், அவர்களுக்குச் சிவப்பு விழுந்தது. போன் தாமதிக்கிறதோ என்று தர்சிகா அளந்து பார்த்தாள். தாமதமே இல்லை.

ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர் ஒருவர் வந்தார். போனை மடியில் படுக்கவைத்து, கண்ணை மூடி, தாளம் போட்டார். சிவப்பு, பிறகும் சிவப்பு. பாதியில் நிறுத்தி, போனைச் சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"குறை நினையாதையுங்கோ பிள்ளை. என்ரை கை இப்ப பிசகிப்போச்சுப் போலை."

கோயில் முன்றலில்

அவருடைய அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. அந்தக் கிழமை அளவெட்டியில் திருவிழா. செந்தூரன் எங்களையும் அழைத்துப் போனான். நாதஸ்வரம் ஆரம்பித்ததும் எல்லோரும் வித்துவானைப் பார்த்தார்கள். நான் தொழிற்பழக்கத்தால் கேட்பவர்களுடைய கைகளைப் பார்த்தேன். தொடையில் ஒரு தட்டு. சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி ஒரு தட்டு. பிறகு கையைப் புரட்டி ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. வரிசை முழுவதும் உள்ளங்கைகள் ஒன்றாக வானத்தைப் பார்த்தன. குனிந்து பார்த்தேன். என் கையும் அவற்றோடு சேர்ந்து புரண்டிருந்தது.

எட்டு எண்ணிக்கைக்கு எட்டுத் தொடுகை கேட்டது எங்கள் விளையாட்டு. ஆறாவதிலும் எட்டாவதிலும் தாளம் அறிந்தவர்களின் கை அந்தரத்தில் நிற்கும். அங்கே தொடாமல் விடுவதுதான் சரி. சிறுவயதிலிருந்து நாங்கள் மூவரும் போட்ட தாளந்தான்; அலுவலகத்துக் கதிரையில் இருந்து எண்களாக எழுதியபோது ஒருவருக்கும் கை ஞாபகம் வரவில்லை. தர்சிகாவின் காதில் சொன்னேன். அவள் இரண்டு சுற்றுத் தாளம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"சரி அக்கா, தொடாட்டியும் பச்சை. ஆனால் முன்தட்டுச் சரியெண்டால்தான். இல்லாட்டிப் போனை மேசையிலை வைச்சிட்டுச் சாப்பிடப் போறவனும் புள்ளி எடுத்திடுவான்."

ரீச்சரின் கை

மாற்றிய விளையாட்டை ரீச்சருடைய வீட்டுக்கே கொண்டுபோனோம். வேண்டாம் என்றார். பிறகு, எங்கள் மனம் நோகக்கூடாதென்று வாங்கினார். மடியில் வைத்தார், கண்ணை மூடினார். தட்டுக்குப் பச்சை, விரலுக்குப் பச்சை, வீச்சுக்கும் பச்சை. பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தவர், திரையைப் பார்த்தார். வலக்கையை விரித்து அதையும் ஒருதரம் பார்த்தார். நாங்கள் பாராட்டுக்குக் காத்திருந்தோம்.

"மற்றக் கட்டம் எங்கை கிடக்கு?"

நற்பெயர்

இசை தெரிந்தவர்களும் முதற்கட்டத்தைத் தாண்டியதால் எங்கள் விளையாட்டுத் தப்பியது; பழம் வெட்ட வேறு ஆட்களைப் பிடித்துக்கொண்டார்கள். கனடாவிலிருந்த பொறுப்பாளர், அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான், தொலைபேசியில் சிரித்தார். "போனைத் தொடாட்டிப் புள்ளியோ? தாய்மாருக்கு முதல் சொல்லுங்கோ, நல்லா ஓடும்" என்றார். அதை மாமிக்குச் சொன்னேன். மாமி அடுத்த கலியாண வீட்டில் அறிமுகத்தைத் திருத்திக்கொண்டார்.

"இவ எங்கடை கண்ணன்ரை பெஞ்சாதி. சனத்தைப் போனைத் தொடாமல் இருக்கப் பழக்கிறா. அதுக்கும் சம்பளம் குடுக்கினமாம்."

ஆக, எங்கே தட்டவேண்டும் என்று சொல்வதற்கு நான் சம்பளம் வாங்குகிறேன். எங்கே கையை எடுக்கவேண்டும் என்று எனக்குக் காட்டிய ஊருக்கு வழமைபோலப் புள்ளி மட்டுந்தான்.