டொலீடோவா, கிராண்ட் ராபிட்ஸா?

போன வாரம் என் வீட்டு ஹாலில் அமெரிக்காவின் இரண்டு ஊர்கள் சண்டை போட்டுக்கொண்டன. நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தினேஷுக்கு ஒரகடத்தில் வேலை. கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. குவாலிட்டி இன்ஜினீயர். அவன் மனைவி கவிதா, செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருக்கிறாள். அவனுக்குப் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட், அவளுக்குக் காலை ஷிஃப்ட். அவனை இறக்கிவிட்ட கம்பெனி பஸ் நகர்வதற்குள் அவளை ஏற்றிக்கொள்ள இன்னொரு பஸ் வந்து நிற்கும். வீட்டுச் சாவி ரோட்டோரம் கை மாறும். “மாவு ஃப்ரிட்ஜ்ல கீது, தோசை ஊத்திக்க” — அன்றைய இல்லறம் அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது.

இப்போது கம்பெனி தினேஷை அமெரிக்காவுக்கு அனுப்ப யோசிக்கிறது. இரண்டு வருடம். மனைவியையும் கூட்டிப் போகலாம். பகல் வேலை மட்டும்.

“அமெரிக்கா கெடக்கட்டும் ஆன்ட்டி. ராத்திரியில ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடலாம். அது போதும்” என்றாள் கவிதா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போட்டிக்குப் புனேயிலிருந்து ஒருவர். அமெரிக்காவில் இரண்டு ஆலைகள் — ஒன்று ஓஹையோ மாநிலத்து டொலீடோவில், இன்னொன்று மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸில். இரண்டு ஊர் மேனேஜர்களும் சேர்ந்து வீடியோவில் இன்டர்வியூ. மாடியில் நெட் விட்டு விட்டு வருவதால் என் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தான். சட்டை இஸ்திரி போட்டது. கீழே லுங்கி.

தொழில் கேள்விகளுக்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னான். கடைசியில் டொலீடோ மேனேஜர் அம்மாள் கேட்டார்: “இரண்டு ஊரில் உங்களுக்கு எது விருப்பம்?”

நம் ஆட்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? காபியா டீயா என்று கேட்டாலே “எதுனாலும் பரவால்ல” என்பதுதானே நம் மரியாதை? வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் அலைகிற ஆள் என்று நினைத்துவிடுவார்களே! தினேஷும் மரியாதையாக, இங்கிலீஷில் சொன்னான்: “எதுவானாலும் சரி மேடம். இரண்டும் ஒன்றுதானே?”

“ஒன்றா?” என்றார் அந்த அம்மாள்.

தினேஷ் விளக்கினான். இரண்டு ஊரிலும் ஒரு ஆறு. இரண்டிலும் தொழிற்சாலை. இரண்டிலும் பனி. இரண்டும் ரொம்பப் பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை... எல்லாமே சரியான தகவல்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. டொலீடோ என்பது எங்கோ போகிறவர்கள் வழியில் பெட்ரோல் போடும் ஊர் என்றார் கிராண்ட் ராபிட்ஸ்காரர். உங்கள் ஊருக்கு வழியில்கூட யாரும் வரமாட்டார்களே என்றார் அந்த அம்மாள். சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். ஆனால் நிறுத்தவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் மெயில் வந்தது. முடிவு சொல்லுமுன் இன்னொரு ரவுண்ட் பேச வேண்டுமாம்.

“இன்னா ஆன்ட்டி தப்பா சொல்லிட்டேன்? மேப்ல பாத்தேன், ரெண்டும் ஒரே மாறிதான் கீது!”

கவிதா டிபன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எனக்கு அந்தத் தப்பு தெரியும். பட்டிருக்கிறேன். என் மகள் ஓஹையோவில் இருந்தபோது அவள் சிநேகிதி வீட்டு விருந்துக்கு ஒரு சனிக்கிழமை போனோம். நீல நிறக் காஞ்சிபுரம் பட்டு, மஞ்சள் பார்டர். எனக்கு எடுப்பாக இருக்கும் புடவை. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. வீட்டுக்காரம்மாள் ஓடிவந்து, “உங்களுக்குக் குளிரும்” என்று ஒரு சிவப்புச் சால்வையைக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்திவிட்டார். வீட்டுக்குள் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இரண்டு மாநிலங்களுக்கும் ஃபுட்பால் மேட்ச். நீலமும் மஞ்சளும் மிச்சிகன் டீமின் நிறங்களாம், சிவப்புதான் ஓஹையோவுக்காம்! வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டேன்.

அந்தக் காலத்தில் டொலீடோ யாருக்கு என்று இரண்டு மாநிலங்களும் படையே திரட்டியிருக்கின்றன என்று மகள் பிறகு சொன்னாள். இதை யாராவது புடவை கட்டுமுன் சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றையும் தினேஷிடம் சொன்னேன். “பெரிய பெரிய ஆளுங்க... இதுக்குப் போயி சண்டை போடுவாங்களா ஆன்ட்டி?” என்றான், ரொம்ப நிதானமாக. சரி, ஏதாவது ஒரு ஊரைச் சொல், மற்ற ஊரைப் பற்றி வாயே திறக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது ரவுண்ட். அதே ஹால், அதே லுங்கி. கவிதா அன்று ஓவர்டைம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்து, சமையலறையில் என் பக்கத்தில் நின்றாள். கைகள் சில்லிட்டிருந்தன.

டொலீடோ அம்மாள் அன்பாக ஆரம்பித்தார். “உங்கள் ஆலைக்கு நான் வந்திருக்கிறேன். உங்கள் ஸ்ரீபெரும்புதூர் எனக்கு ரொம்பப் பிடித்தது.”

தேங்க்ஸ் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் தினேஷ் பிறந்தது ஒரகடம் பக்கத்து வல்லம் வடகால்.

“மேடம், ஸாரி. அது எங்க ஊர் இல்லை. எங்களுடையது ஒரகடம் பக்கம்.”

அதோடு விட்டானா? ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பஸ் திரும்ப இடம் கிடையாது என்றான். எங்கள் பக்கம் ரோடு ரன்வே மாதிரி இருக்கும் என்றான். வல்லக்கோட்டை முருகன் எவ்வளவு உயரம் தெரியுமா என்று, உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிக் காட்டினான்.

கவிதா பிறந்தது ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் கோயிலுக்குப் பின்தெரு. சில்லிட்டிருந்த கை இப்போது இடுப்புக்குப் போனது.

“துணி எடுக்க எங்க ஊரு, டாக்டரப் பாக்க எங்க ஊரு, பொண்ணு எடுக்க எங்க ஊரு... பேச்சப் பாத்தீங்களா ஆன்ட்டி?” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அவன் குடியிருப்பது என் மாடி. அதுவும் ஸ்ரீபெரும்புதூரில்தான் இருக்கிறது.

“இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம்?” என்றார் அந்த அம்மாள்.

“பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேடம்.”

“எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.”

“எப்படி மேடம் அப்படிச் சொல்—” என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தினான். லேப்டாப்பில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் சமையலறைவரை கேட்டது.

நியூயார்க்கோடு டொலீடோ மல்லுக்கு நிற்குமா? நாம் சென்னையோடு நிற்கிறோமா? வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கும் கம்பெனி புத்தகத்தில் ஒரகடமும் சென்னைதான், ஸ்ரீபெரும்புதூரும் சென்னைதான். அதற்கு நாம் யாரும் கோபப்பட்டதில்லை. பக்கத்து ஊர்க்காரன் என்று சொன்னால் மட்டும் பொத்துக்கொண்டு வருகிறது. தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு நாம் ஒரே மாதிரி தெரிகிறோம் என்பது நமக்கே தெரியும் — அந்தக் கோபம்தான் போலிருக்கிறது.

முந்தாநாள் மெயில் வந்தது. தினேஷுக்குத்தான் வேலை. டொலீடோ. சொந்த ஊருக்காக இவ்வளவு பேசுகிறவன் எங்கள் ஊருக்காகவும் பேசுவான் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். கிராண்ட் ராபிட்ஸ்காரர், டொலீடோ கிடைத்ததற்கு அனுதாபம் தெரிவித்துத் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தார்.

தினேஷ் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். கவிதா பின்னாலேயே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. அவனைப் பார்க்கவில்லை.

“ஏம்மா, நல்ல சேதி வந்திருக்கு. இன்னுமா கோபம்?” என்றேன்.

“அங்க போயித்தான் வச்சுக்கணும் ஆன்ட்டி. இங்க சண்டை போட எங்களுக்கு ஏது டைம்?”