கலண்டருக்கு வானம் பிடித்தவள்

இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கிற தொழிலில் இயற்கை ஒருநாளும் ஒத்துழைப்பதில்லை. வானம் படத்தில் அழகாக விழுந்தால் தரை கரிச்சட்டியாகிவிடும். தரை தெரிந்தால் வானம் வெளுத்த வேட்டியாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று மத்தியஸ்தம் பண்ணியே தலை நரைத்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். முக்காலியைப் பிடித்திருக்கிற கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், கமரா விழுந்துவிடும்.

மாகி பிறந்தாள்

எழுபதுகளின் நடுவில் நானும் என் கணவர் பாலாவும் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து நோபல் பார்க்கில் குடியேறினோம். அவருக்கு டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர் வேலை. எனக்கு அங்கேயே ஒரு சின்ன அச்சகத்தில் தட்டச்சு வேலை. இறைச்சிக் கடைக்காரர், ஆணி விற்கிறவர் என்று பலரும் வருடக் கடைசியில் வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுக்கிற கலண்டர்களை அச்சிடுகிற இடம் அது. முதலாளி பெயர் டெஸ். மங்கையற்கரசி என்ற என் பெயரை முதல் நாள் காலையில் வாயில் போட்டு மென்றவர், பின்னேரம் "மாகி" என்று வெளியே எடுத்தார். அன்றிலிருந்து நான் மாகி. (அங்கே எல்லோரும் பேசியது இங்கிலீசுதான். ஆனால் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.)

ஒருநாள் எங்கள் படப்பிடிப்பாளர் காதலியோடு குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார். கமராப் பெட்டி மட்டும் அச்சகக் கந்தோரில் கிடந்தது. அடுத்த வருடக் கலண்டருக்குப் பாதிப் படங்கள்கூடச் சேரவில்லை. ஊரில் அண்ணாவின் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்த துணிச்சலில், நான் எடுக்கட்டுமா என்று கேட்டேன். டெஸ் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு அதற்குள்ளிருந்து சதுரமான ஒரு பிளாஸ்டிக் தகட்டை எடுத்தார். மேல் பாதி சாம்பல் நிறம். வரவர மெலிந்து கீழ்ப் பாதி வெறும் கண்ணாடி போல இருந்தது. இதை லென்ஸுக்கு முன்னால் செருகினால் வானத்தின் வெளிச்சம் மட்டும் குறையும், தரை அப்படியே இருக்கும் என்று விளங்கப்படுத்தினார். இந்த ஒரு பில்டர்தான் இருக்கிறது, படங்கள் சரிவராவிட்டால் அச்சகமே இருக்காது என்றும் சொன்னார். நான் பயத்தில் தலையாட்டினேன். அவர் தகட்டை என் கையில் வைத்தார்.

"வானத்தை அடக்கிக்கொண்டு வா, மாகி. வங்கிக்காரனை நான் அடக்கி வைச்சிருக்கிறன்."

தார் போட்ட கடல்

முதல் பயணம் தென்மேற்குக் கரைக்கு. கடலுக்குள் பாறைகள் தூண்தூணாக நிற்கிற இடம் அது. காற்று என் சேலையைப் பாய்மரமாக்கி என்னையும் கடலுக்குள் கொண்டுபோகப் பார்த்தது. பாலா ஒரு கையால் முக்காலியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, சந்தோசத்தில் ஒரு முழுச் சுருளையும் எடுத்து முடித்தேன்.

படங்கள் கழுவி வந்ததும் டெஸ் கந்தோர்ச் சுவரில் வெளிச்சம் பாய்ச்சிப் பெரிதாக்கிக் காட்டினார். வானம் வெள்ளைக் கடதாசி. கடல் கன்னங்கரேல். தகட்டைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன் என்பது எனக்கு அந்தச் சுவரைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. டெஸ் கோபப்படுவார் என்று கதிரை நுனியில் இருந்தேன். அவர் நாடியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பாறையெல்லாம் வடிவா வந்திருக்கு. கடலுக்கு ஆர் தார் போட்டது?"

பசுவின் தீர்ப்பு

அடுத்தது டண்டினொங் மலைப்பக்கம். ஒரு பண்ணைக்காரர் தன் புல்வெளிக்குள் நின்று எடுக்க அனுமதி தந்தார். சேலையை வீட்டில் விட்டுவிட்டு, பாலாவின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். வேலிக் கட்டையின் மேல் தகட்டை வைத்துவிட்டு வெளிச்சம் அளந்துகொண்டிருந்தபோது, பின்னால் ஈரமான ஒரு சத்தம் கேட்டது. ஒரு பசு தகட்டை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, மிகுந்த பக்தியோடு நக்கிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் இழுத்தேன்; பசுவும் இழுத்தது. கடைசியில் அது தும்மியதால் நான் வென்றேன்.

இது என்ன சாமான் என்று பண்ணைக்காரர் கேட்டார். வானத்தையும் நிலத்தையும் பிரித்துச் சமப்படுத்துகிற சாமான் என்று, எச்சிலைத் துடைத்தபடி விளங்கப்படுத்தினேன். அவர் பசுவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"அவளுக்கு மேல்பாதியும் ருசிதான், கீழ்ப்பாதியும் ருசிதான். நீங்கள்தான் சும்மா பிரிச்சுப் பார்க்கிறியள்."

இடதுபக்கம் பின்னேரம்

இறைச்சிக் கடைக்காரர் ஒருவருக்கு நெட்டாக ஒரு ஏரிப் படம் வேண்டியிருந்தது. கலண்டரில் தேதிகளுக்குப் பக்கத்தில் ஒடுக்கமான இடம்தான் இருந்தது. நான் கமராவை நெட்டாகத் திருப்பினேன். அதோடு தகடும் பக்கவாட்டில் திரும்பிவிட்டதைக் கவனிக்கவில்லை. படத்தில் ஏரியின் இடது பாதி இருண்டு கிடந்தது, வலது பாதி பட்டப்பகல். கரையில் நின்ற ஒரு வாத்துக்குத் தலை பகலிலும் வால் இருட்டிலும் இருந்தது.

அந்தப் படத்தை நான் குப்பைக்கென்று மேசை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன். கடைக்காரர் வந்தபோது, நல்ல படங்களை எல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் தூக்கிப் பார்த்தார். நான் பறிக்கப் போனேன். டெஸ் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். கடைக்காரரின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"இந்தப் பக்கம் நான் கடை பூட்டுற நேரம், அந்தப் பக்கம் திறக்கிற நேரம். இதையே போடுங்கோ."

மேலே போகிறவர்கள்

தகட்டை நேராகச் செருகப் பழகியதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. வானத்தை அடக்கினால் போதாது, பயமுறுத்த வேண்டும் என்று தோன்றியது. மழைக்கு முந்திய நேரமாகப் பார்த்துப் போய், பில்டரையும் போட்டு, உள்ளே போகிற வெளிச்சத்தையும் குறைத்து, இடி விழுகிற மாதிரி ஒரு வானம் எடுத்தேன். பாலாவே படத்தைப் பார்த்துவிட்டுக் குடை எடுத்து வைத்தார்.

அந்தப் படத்தை யாருக்குக் காட்ட நேர்ந்தது தெரியுமா? கலண்டர் அடிக்க வந்த, செத்தவீட்டுக் காரியங்களைப் பொறுப்பெடுத்து நடத்துகிற ஒருவருக்கு. மெல்லிய குரல், மெல்லிய நடை. கதிரையில் உட்காரும்போதுகூட அது நோகக்கூடாது என்பதுபோல உட்கார்ந்தார். படத்தைப் பார்த்து, மிகவும் நன்றாக இருக்கிறது என்று முதலில் பாராட்டினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்தார்.

"என்ர ஆக்கள் எல்லாரும் மேலதான் போகினம், அம்மா. அங்க இவ்வளவு இருட்டெண்டு முன்னமே காட்டிப்போடாதேங்கோ."

பெல்ட்

இனி வருவது அட்டைப் படத்தின் கதை. ஆணி, சுத்தியல் விற்கிற ஒரு பெரிய வியாபாரிக்கு மெல்பேர்ணிலும் சிட்னியிலும் பல கடைகள் இருந்தன. சிட்னிக்கு மேற்கே நீலமலையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற மூன்று பாறைகள் தன் கலண்டரின் அட்டையில் வரவேண்டும், படம் தனக்குப் பிடித்தால் எல்லாக் கடைகளுக்கும் எங்களிடமே அடிப்பேன், பிடிக்காவிட்டால் வேறு இடம் போவேன் என்றார் அவர். அச்சகம் நிற்பதும் விழுவதும் இந்தப் படத்தில்தான் என்று டெஸ் சொல்லவில்லை. என்னை வழியனுப்பும்போது அவர் முகம் சொன்னது.

பாலா லீவு போட்டுக் காரோட்டினார். சிட்னியில், லிட்கம்மில் பாலாவுக்குத் தெரிந்த ஒரு அன்ரி வீட்டில் தங்கினோம். மறுநாள் அன்ரியும் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு எங்களோடு மலைக்கு வந்தார். மலைவிளிம்பில் முக்காலியை நிறுத்தினோம். மேகம் விலகி வெயில் பாறைகளில் விழ, நான் தகட்டைக் கடைசித் தடவையாகத் துடைத்தேன். ஒரு காற்று வந்தது. தகடு கையை விட்டு எழும்பி, வேலியைத் தாண்டி, மினுங்கி மினுங்கிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ அபூர்வப் பறவை என்று கைகாட்டினார்கள். பாலா வேலிக்கு மேலால் எட்டிப் பிடிக்கப் பாய்ந்தார். நான் அவருடைய பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பச்சைக் காட்டுக்குள் தகடு மறையும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"மங்கை, பில்டர் போயிட்டுது. இனி என்ர பெல்ட்டை விடலாம்."

அன்ரி கண்ணை மூடினார்

அடுத்த நாள் திரும்ப வேண்டும், வேறு பில்டர் தேடி வாங்க நேரமில்லை. பில்டர் இல்லாமல் எடுத்தால் வானம் வெள்ளையாகத்தான் வரும். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அழத் தயாரானேன். புட்டுச் சாப்பிட்டால் எல்லாம் சரிவரும் என்று அன்ரி பக்கத்தில் வந்து இருந்தார். அந்தக் காலத்து நாகரிகப்படி தலையில் ஒரு பட்டுத் துணி, முகத்தில் பாதியை மறைக்கிற குளிர்க்கண்ணாடி. வெயில் அந்தக் கண்ணாடிக்குள்ளால் அவருடைய கன்னத்தில் விழுந்தது. நான் புட்டை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினேன். கண்ணாடியின் மேல்பக்கம் கடும் மண்ணிறம், கீழே வரவர மெலிந்து வெறும் கண்ணாடி.

தரமாட்டேன் என்றார் அன்ரி. வெயில் பட்டால் தலையிடிக்கும் என்றார், கண்மை கலைந்திருக்கிறது என்றார், இத்தனை பேருக்கு முன்னால் எப்படிக் கழற்றுவது என்றார். நான் கெஞ்சினேன். பாலா தன் பங்குக்குக் கூடுதல் புட்டை அவருக்கே கொடுத்தார். ஒருவழியாகக் கழற்றித் தந்துவிட்டு, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். நான் கண்ணாடியின் ஒரு வட்டத்தை லென்ஸோடு ஒட்டிப் பிடித்து, கடும் நிறம் மலைவிளிம்பில் வந்து நிற்கும்வரை மெல்ல மெல்ல அசைத்தேன். கண்ணாடியின் கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றதில் கமரா ஒரு வெட்டுக்கிளி மாதிரி இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் பாறைகளை விட்டுவிட்டு எங்களைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். பாலாவுக்குச் சிரிப்பு வந்து முக்காலி நடுங்கியது. அவரைப் பார்த்து எனக்கும் வந்தது. மூச்சை அடக்கி விசையைத் தட்டினால், அடுத்த நொடியே சிரிப்பு மறுபடி வந்தது.

"கெதியா எடு பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு நான் எவ்வளவு நேரத்துக்கு மலையைப் பார்க்கிறது?"

நல்ல சாமான்

வியாபாரி வந்தபோது டெஸ் படத்தைச் சுவரில் போட்டார். மூன்று பாறைகளும் வெயிலில் துலங்கின. மேலே வானம் தேன் ஊற்றினதுபோல் மண்ணிறமாக இறங்கி, விளிம்பில் பொன்னாகக் கரைந்தது. வியாபாரி எழும்பிச் சுவருக்குக் கிட்டப் போனார். அவருடைய தலையின் நிழல் பள்ளத்தாக்கில் விழுந்தது. எல்லாக் கடைகளுக்கும் இதுதான் என்றார். நான் மெதுவாக நழுவிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பைகள் கிலுங்க ஒரு சுற்று ஆடிவிட்டு, நல்ல பிள்ளையாக முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்குள் டெஸ் புதுத் தட்டச்சுக்காரி தேவை என்று விளம்பரம் எழுதத் தொடங்கியிருந்தார்.

எந்த நாட்டுப் பில்டர் போட்டு எடுத்தது என்று வியாபாரி கேட்டார். டெஸ் என்னைப் பார்த்தார். லிட்கம்மில் ஒருவரிடம் வாங்கியது என்று சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வியாபாரி மறுபடியும் வானத்தைப் பார்த்தார்.

"நல்ல சாமான். ஆணியோடு சேர்த்து எங்கட கடையிலயும் வைச்சு விக்கலாமோ?"

ஆக, சக துன்பாளிகளே, வானத்தைத் திருத்த எவராலும் முடியாது. அதன் முகத்துக்கு முன்னால் எதையாவது பிடித்துக்கொண்டு சிரிக்காமல் நிற்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.