மேல் முகாமில் எடுத்த அளவு

விரலில் மாட்டுகிற அந்தச் சின்னக் கருவியில் சிவப்பாக 64 என்று எழுந்தது. ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம், சாயங்காலம் நாலு மணி, காற்றில் படபடத்துக்கொண்டிருந்த மஞ்சள் கூடாரம். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி அது. எழுபதுக்குக் கீழே போனால் மறுபேச்சில்லாமல் இறக்கிவிடுவேன் என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லியிருந்தார். விரல் ஃபோர்மேனுடையது. அவர் கருவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

ஃபோர்மேன் என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையோரம் இருந்த அந்த அலுவலகத்தில் எங்களுக்கு அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. எந்த மானி எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்போம். நான் பொறியாளர். பதவியில் அவருக்கு மேலே, வயதில் ஏழு வருஷம் கீழே. இருபது வருஷம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். இந்த வேலை மனிதர்களுக்கு ஒரு குணத்தை ஒட்டிவிட்டுவிடும். எண் கோணலாக வந்தால் சந்தேகம் முதலில் கருவியின் மேல்தான் போகும். என் மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் நூற்றிரண்டு காட்டியபோது, தெர்மாமீட்டரைக் கழுவி என் வாயில் வைத்துப் பார்த்தவள் நான். அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

மலையேறும் ஆசை முதலில் எனக்குத்தான் வந்தது. படூரில் பதினோராவது மாடியில் குடியிருந்துகொண்டு, லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டு, நாற்பத்தொன்பது வயதில் பனிமலை உச்சியில் நிற்க வேண்டும் என்று ஒரு வெறி. ஏன் என்று கேட்டால் இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது. உணவு இடைவேளையில் படங்களைக் காட்டினேன். "நானும் வர்றேன் மேடம்" என்று ஃபோர்மேன் சட்டென்று சொன்னார். ஏழு நாள் நடை, ஆறாயிரம் மீட்டருக்குச் சற்று மேலே உச்சி. நான்கு மாதம் தயாரானோம். சனி, ஞாயிறுகளில் திருக்கழுக்குன்றம் மலைப் படிகளில் முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசியைச் சுமந்துகொண்டு அவர் ஏறுவார். நான் ஆறு கிலோவோடு பின்னால் இளைத்துக்கொண்டு போவேன். சாமி கும்பிட வந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். கடல்மட்டத்தில் அவரைப் போலத் திடமான ஆளை நான் பார்த்ததில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவருடைய கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தில் பேனர் முளைத்துவிட்டது. அவர் கறுப்புக் கண்ணாடியோடு கைகட்டி நிற்கிறார், பின்னால் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஒரு வெள்ளை மலை. 'இமயத்தை வென்று வரும் எங்கள் மாமாவே' என்று எழுத்து. கீழே வரிசையாக மைத்துனர்கள் நான்கு பேரின் முகங்கள், அவர்களுக்கும் கறுப்புக் கண்ணாடி. "இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள வென்னுட்டேனாம்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் அவருக்குக் கொஞ்சம் வியர்த்திருந்ததை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

குழுவில் நான்கு பேர், வழிகாட்டிகள் இரண்டு பேர். மூன்றாம் நாள் மற்ற இருவருக்கும் வாந்தி நிற்காமல் போகவே, ஒரு வழிகாட்டி அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மிஞ்சியது ஃபோர்மேன், நான், ஒரே ஒரு வழிகாட்டி. அங்கே ஒரு விதி உண்டு. மேல் முகாமில் யாரையும் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒருவர் இறங்க வேண்டியிருந்தால் எல்லோரும் இறங்க வேண்டியதுதான். அதோடு இன்னொன்று. வழிகாட்டிக்கு இந்தியும் அவருடைய மலைமொழியும்தான் தெரியும். ஃபோர்மேனுக்குத் தமிழ் மட்டும். நடுவில் மொழிபெயர்க்க நான்.

ஐந்தாம் நாள் மேல் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். மறுநாள் உச்சி. அப்போது எடுத்த அளவுதான் அந்த 64.

"மிஷின் ராங்கா காட்டுது மேடம்" என்றார் ஃபோர்மேன்.

கருவியைக் கழற்றி என் விரலில் மாட்டினேன். 81. வழிகாட்டியின் விரலில் 88. எங்கள் மேசையிலும் இதைத்தான் செய்வோம். சந்தேகம் வந்தால் கருவியை வேறோர் இடத்தில் வைத்துப் பார்ப்பது. கருவி சரியாக இருந்தது. அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அந்தத் தொழிலில் தலை நரைத்த இரண்டு பேருக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"வெரல் சில்லுனு கீது, அதான் கம்மியா காட்டுது. சுடுதண்ணில வெச்சி எடுப்போம்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியிருக்கவே வேண்டாம், வழிகாட்டிக்கு ஒரு சொல்லும் புரியாது. "ராவெல்லாம் இருமிகினு கெடந்தத இவர்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். பேனரு வெச்சிட்டானுங்க. பாதில எறங்கிப் போயி இன்னா மூஞ்சிய காட்டறது?"

வழிகாட்டி என்னிடம் இந்தியில் கேட்டார். தலைவலி இருக்கிறதா, இரவில் இருமினாரா?

"இல்லை என்கிறார்" என்றேன்.

வெந்நீரில் கையை வைத்து, நெஞ்சு விரிய மூச்சை இழுத்து இழுத்து விட்டபின் 72 வந்தது. வழிகாட்டிக்குத் திருப்தியில்லை. அவர் ஃபோர்மேனின் உதட்டு நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் மூன்று பேரும் அன்றைக்கே இறங்கியிருப்போம். "இருபது வருஷமாக இதுதான் என் தொழில். குளிரில் இந்தக் கருவிகள் எட்டுப் பத்துப் புள்ளி குறைவாகக் காட்டும், பயப்பட ஒன்றுமில்லை" என்றேன். சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அதனால்தான் வழிகாட்டி நம்பினார். படித்தவள், அரசாங்க உத்தியோகம், தலைமுடி நரைத்தவள். நம்பாமல் என்ன செய்வார்?

விடியும் நேரத்தில் பனிச்சரிவில் ஒரே கயிற்றில் மூன்று பேரும் கோத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தோம். வழிகாட்டி முன்னால், நடுவில் ஃபோர்மேன், கடைசியில் நான். அவருடைய பூட்ஸ் குதிகாலைப் பார்த்துத்தான் நான் அடியெடுத்து வைத்தேன். முதலில் அந்தக் கால் ஒழுங்காக விழுந்தது. பிறகு ஒரு அடி இடப்பக்கம் போயிற்று. அடுத்த அடியும் இடப்பக்கமே போயிற்று. இடப்பக்கம் சரிவு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. "ஃபோர்மேன்" என்று கத்தினேன். திரும்பவில்லை. அவர் கால் தடுமாறுகிறது என்று பத்து நிமிடத்துக்கு முன்பே வழிகாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போது நான் சொல்லாமல், மேலே வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்த உச்சியைப் பார்த்தேன். இன்னும் ஒரு மணி நேர நடைதான்.

அவர் உட்கார்ந்துவிட்டார். கையுறையைக் கழற்றி வீசினார். "வேர்க்குது" என்றார். இடுப்பில் கயிறு மாட்டியிருந்த கொக்கியைத் தடவித் தடவித் திறக்கப் பார்த்தார். நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். "வுடு மேடம், கல்பாக்கம் பஸ்ஸு பூட்டுச்சின்னா அடுத்தது ஒம்போதுக்குத்தான்" என்றார். இருபது வருஷத்தில் ஒருநாளும் என்னிடம் அவர் ஒருமையில் பேசியதில்லை. பிறகு இருமினார். பனியில் விழுந்த எச்சில் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தது.

வழிகாட்டி குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உண்மையைச் சொல்லுங்கள், அவர் இரவில் இருமினாரா?"

"இரண்டு இரவாக."

அவர் என்னைத் திட்டவில்லை. கயிற்றின் வரிசையை மாற்றி, என்னை மேலே நிறுத்தி, ஃபோர்மேனைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். அந்த இறக்கத்தில் இரண்டு முறை ஃபோர்மேன் கால் வழுக்கித் தொங்கினார். இரண்டு முறையும் பனிக்கோடரியை ஊன்றி அதன்மேல் படுத்துக் கயிற்றைப் பிடித்தேன். இழுப்பில் இடுப்பே கழன்றுவிடும் போலிருந்தது. அவர் செத்தால் நான் கொன்றதாகத்தான் அர்த்தம் என்ற ஒரே நினைப்பு மட்டும் இருந்தது. மேல் முகாமைத் தாண்டியதும் வழிகாட்டி அவரை முதுகில் தூக்கிக்கொண்டார். கீழ் முகாமில் குதிரை, அதற்கும் கீழே ஜீப், ஜீப்பில் பிராணவாயு சிலிண்டர். நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியபின் அவர் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னார். "மிஷின் மொதல்லேந்தே ராங்கு, நல்லா கீதுன்னு காட்டுச்சு. அத்த நம்பித்தான் ஏறுனேன். மேடம் மட்டும் இல்லன்னா அங்கயே காலி." உணவு மேசையில், பிரிவு உபசார விழாவில், மைத்துனர்கள் மத்தியில், எல்லா இடத்திலும் இதே கதை. உண்மையில் அப்படித்தான் நினைக்கிறாரா, எனக்காகச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நானும் சொல்ல வேண்டியிருக்கும். அவர் மனைவி வருஷா வருஷம் அவர்கள் நிலத்து வேர்க்கடலையைப் பை நிறையக் கொடுத்தனுப்புவார். படூரில் அந்தக் கடலையை வேகவைத்துத் தின்னும்போது பாதிக்கு மேல் எனக்கு இறங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி போன் செய்து வரச் சொன்னார். போனேன். ஃபோர்மேன் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. கொல்லைப்புறத்தில் மோட்டாரைப் பழுதுபார்க்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா என்னைக் கூடத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு திரும்பவும் அந்த மலைக்குப் போவணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரும்மா. புள்ளைங்க வேணாங்குதுங்க. நான் சொல்லிட்டேன், மேடம் கூட வந்தா போங்க, இல்லன்னா வூட்லயே கெடங்கன்னு. நீங்க கூட இருந்தா எனக்குப் பயமே இல்ல. உசுரோட இட்டாந்து வுட்டவங்களாச்சே."

அந்தக் கை சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அந்த மிஷின் சரியாத்தாம்மா இருந்துச்சு" என்றேன். "அவரைக் கீழ அனுப்பணும்னுதான் அது காட்டுச்சு. ராத்திரி இருமினது எனக்குத் தெரியும். நான்தான் வழிகாட்டிகிட்டப் பொய் சொல்லி மேல கூட்டிட்டுப் போனேன்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "எதுக்கும்மா?" என்றார்.

ஃபோர்மேன் கெஞ்சினார் என்று சொல்லியிருக்கலாம். பேனரைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான், இரண்டும் என்னைக் காப்பாற்றியிருக்கும்.

"அவர் இறங்கினா நானும் இறங்கணும். எனக்கு உச்சிக்குப் போகணும்னு இருந்துச்சு" என்றேன்.

என் கையிலிருந்து அந்த அம்மாவின் கை விலகியது. இழுத்துக்கொள்ளவில்லை, தானாக விலகியது. கொல்லையில் மோட்டார் ஓடி நின்றது. "மேடம் வந்துட்டாங்களா? காப்பி குடுத்தியா?" என்று ஃபோர்மேனின் குரல் கேட்டது. பேசி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எப்போதும் சொல்கிற "குடிங்கம்மா"வைச் சொல்லவில்லை. எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடித்தேன்.