முப்பத்தொன்பது கஜம்

மார்லன் டிப்பெட்ஸை எங்கள் கல்லூரிப் பையன்கள் 'எண்பதாயிரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பதாயிரம் பேர் உட்காரும் மைதானம் உள்ள பெரிய பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியை உதறிவிட்டு, ஆயிரத்து எண்ணூறு பேர் வந்தாலே திருவிழா என்கிற எங்கள் கான்சாஸ் ஊருக்கு வந்தவன் அவன். அங்கே ஆட இடம் கிடைக்காமல் இரண்டு வருடம் பெஞ்சைத் தேய்த்தான். இங்கே, எறிகிற பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் இடத்தில் ஆடி, முதல் வருடமே அறுபத்தொரு பந்து பிடித்தான். ஜார்ஜியாவில் இருக்கும் அவன் அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "மேல இருந்து கீழ இறங்கினவன எவன்டா தேடி வருவான்?" என்று போனில் அழுவாள்.

அவள் அழுததிலும் நியாயம் இருந்தது. தொழில்முறை அணிகளுக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த மார்ச்சில், நாங்கள் அனுப்பிய ஆட்ட வீடியோவைப் பார்த்து ஒரே ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டார். பெயர் ப்ரூயிட். நாற்பது கஜத்தை நாலரை நொடிக்குள் ஓடினால்தான் அவர் நோட்டில் பெயர் ஏறும். மார்லன் அதுவரை ஓடியதில் நல்லது நாலு புள்ளி ஐம்பத்து மூன்று. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை அந்த வித்தியாசம், அதில் போய் ஒருவன் பிழைப்பு தொங்க வேண்டுமா!

நான் வர்ஜில். இருபத்திரண்டு வருடமாக இந்த மைதானத்துக்குப் புல் வெட்டுகிறவன், கோடு போடுகிறவன். மார்லன் தினமும் மத்தியானம் என் கொட்டகையில் உட்கார்ந்துதான் ரொட்டி தின்பான். மழையில் மைதானம் சேறாகிவிட்டதால், பக்கத்து ஓட்டப்பாதையில் நாற்பது கஜம் அளந்து வெள்ளை டேப் ஒட்டச் சொன்னார் கோச் ஹாய்ட். முந்தின நாளே ஒட்டிவிட்டேன். பிறகு என் புத்தி எங்கே போயிற்றோ, முடிவுக் கோட்டைப் பிய்த்து ஒரு கஜம் உள்ளே தள்ளி ஒட்டினேன். கோச்சுக்குத் தெரியாது. மார்லனுக்கும் தெரியாது.

ப்ரூயிட் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்து இறங்கினார். கோச் நீட்டிய காபியை வாங்கிக்கொண்டார், பேச்சு வளர்க்கவில்லை.

"ரெண்டு ஓட்டம் தம்பி. மூணாவது கிடையாது."

மார்லன் ஓடினான். ப்ரூயிட் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தை உற்றுப் பார்த்தார்.

"நாலு புள்ளி முப்பத்தெட்டு."

"டேய் எண்பதாயிரம், பறந்துட்டடா!" என்று பையன்கள் கத்தினார்கள். கோச் தொப்பியை மேலே எறிந்தார். ப்ரூயிட் முகத்தில் சிரிப்பே இல்லை. காருக்குப் போய் நீளமான அளவு டேப்போடு திரும்பினார்.

"பெரியவரே, இந்த முனைய அந்தக் கோட்டுல பிடிங்க."

என்னைத்தான் சொன்னார். குனிந்து பிடித்தேன். "ஆட்டாதீங்க" என்றார். டேப்பை இழுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்து போனார்.

"முப்பத்தொம்பது."

கோச் என்னைப் பார்த்த பார்வையில் பாதி செத்தேன்.

"நான்தான் சார் பண்ணேன். சத்தியமா இவங்க யாருக்கும் தெரியாது."

"எல்லா ஊர்லயும் இதத்தான்யா சொல்றாங்க. இனி நீங்க அனுப்பின வீடியோவ மட்டும் நான் எப்படி நம்புறது?" ப்ரூயிட் நோட்டை மூடிவிட்டார்.

இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மார்லன் அவர் முன்னால் போய் நின்றான்.

"சார், இன்னொரு ஓட்டம் பாக்கி இருக்கு. கோட்ட நீங்களே போடுங்க."

ப்ரூயிட் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு மண்டியிட்டு, நாற்பதாவது கஜத்தில் தானே டேப் ஒட்டினார். மார்லன் குனிந்து கையைத் தரையில் ஊன்றினான். எதிர்க்காற்று வேறு. கடவுளே, என் பாவத்தை இவன் தலையில் ஏற்றிவிடாதே என்று மனசுக்குள் கதறினேன்.

ஓடி முடித்தான். ப்ரூயிட் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"நாலு புள்ளி நாப்பத்தெட்டு."

ப்ரூயிட் நோட்டைத் திறந்து எழுதினார். "மே மாசம் எங்க அணியோட தேர்வு முகாம். உன் பேரச் சொல்றேன். போன் வந்தா எடு."

துண்டை எடுத்துக்கொண்டு அவனிடம் ஓடினேன். "மன்னிச்சிடுப்பா, உனக்காகத்தான்..." என்று அழுதேவிட்டேன். அவன் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துண்டை மடித்து என் கையில் கொடுத்தான்.

"எங்கம்மா நம்பல, சரி. தினம் உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேனே, நீங்களுமா என்னால முடியாதுன்னு நினைச்சீங்க?"

நினைத்தேன். அதை அவனிடம் எந்த வாயால் சொல்வேன்?