உள்ளங்கை அகலத்தில் ஒரு செல்

ஆம்பூரில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமொன்றில் நான் கெமிஸ்ட். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் அன்றாட வேலை. ஒற்றைச் செல் உயிர்கள் துறுதுறுவென்று ஓடினால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதனால் அவற்றைப் பற்றி எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

என் தங்கை கடல் உயிரியல் ஆய்வாளர். ஆழ்கடல் சேறு எடுக்கும் கப்பலில் போய்த் திரும்பியிருந்தாள். பார்க்கப் போன என்னைத் தன் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள்.

முதலில் லென்ஸுக்கடியில் மணல் மாதிரி எதையோ வைத்தாள். மணல் இல்லை. சுருள்கள், குழல்கள், நட்சத்திரங்கள், கிளை விட்ட குச்சிகள். ஒவ்வொன்றும் ஒரே செல் கட்டிய கூடாம்.

"இத்தனை வகையும் ஒரு பிடி சேத்துலயா?"

"ஆமாக்கா. இதப் பாரு."

ஒரு சீசாவை நீட்டினாள். உள்ளங்கை அகலத்தில், மண் நிறத்தில், மடிப்பு மடிப்பாக ஏதோ உடைந்து கிடந்தது.

"இன்னாடி இது, கடல் பஞ்சா?"

"இதுவும் ஒரே செல்தான்."

"வெளையாடாத. செல்லு கண்ணுக்கே தெரியாது."

"இது தெரியுதே. வெளிச்சமே போகாத ஆழத்துல, சேத்தை ஒட்டி ஒட்டி வீடு கட்டிக்குது. மேலருந்து செத்து விழுறதுதான் சாப்பாடு."

சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் அதை வாங்கி, உள்ளிருந்து ஒரு துண்டை எடுத்து லென்ஸுக்கடியில் வைத்தாள். "இதை நானே இன்னும் பாக்கல. நீ பாரு."

மடிப்புக்குள் ஒரு புழு சுருண்டிருந்தது. அதற்குப் பின்னால் வெளிறிய உருண்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். தெளிவாகத் தெரிய மைக்ரோஸ்கோப்பின் திருகியைத் திருப்பினேன். கண்கள்!

"ஐயோ, என்னைப் பாக்குதுடி!" நாற்காலி கவிழ எழுந்துவிட்டேன்.

அவள் குனிந்தாள். நிமிரவே இல்லை. பிறகு லென்ஸை விட்டுக் கண்ணெடுக்காமலே, "மீன் முட்டைக்கா. உள்ள குஞ்சு இருக்கு. வேற கடல்ல இப்படி இருந்ததா படிச்சிருக்கேன். என் சாம்பிள்ல இருக்கும்னு நெனைக்கவேயில்ல" என்றாள்.

மூச்சே விடாமல் தன் ஆய்வகத் தலைவரை அழைக்க ஓடினாள். நான் லென்ஸ் வழியாகப் போனில் ஒரு படம் எடுத்தேன். ஏதோ ஒரு மீன், அந்த இருட்டில், ஒரு செல்லை நம்பித் தன் முட்டைகளை விட்டுப் போயிருக்கிறது.

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன். "ஒரே செல்லுக்குள்ள மீன் முட்டைங்க" என்றேன்.

"வெயில்ல ஜாஸ்தி சுத்தினியா?" என்றார்.

 போனை வைத்துவிட்டு, எடுத்த படத்தை அனுப்பினேன்.